எண்ணெய் விலை ஏறும், இறங்கும்: உழைத்தவனுக்கு எஞ்சியது என்ன?

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய அவையில் ஆற்றப்பட்ட சொற்பொழிவின் வாசகம்)



மண்ணுக்கு மேல் விளைவதை விற்று வாழும் மக்கள் முன்னிலையில், மண்ணுக்குக் கீழே கிடப்பதை எடுத்து வாழும் மக்களைப் பற்றிப் பேச வந்திருக்கின்றோம். அவர்கள் வாழ்வது அமெரிக்க நாட்டில், ரெக்சாஸ் மாநிலத்தின் மேற்கே, மரமும் ஆறும் அருகிய வறண்ட சமவெளியில். பேர்மியன் படுகை என்பது அந்நிலத்தின் பெயர். நூறாண்டுகளாக அங்கே எண்ணெய் எடுக்கப்படுகின்றது. பாட்டன், தந்தை, பேரன் என்று தலைமுறை தலைமுறையாக ஒரே தொழிலில் உழைத்த குடும்பங்கள் அங்கே உண்டு. அவர்களின் கதை நமக்கு அந்நியமானதன்று. விளைவிப்பவன் ஒருவன், விலை வைப்பவன் வேறொருவன் என்னும் நிலை நெல்லுக்கும் புகையிலைக்கும் மட்டும் உரியதன்று. மசகெண்ணெய்க்கும் அதுவே விதி.

அந்நிலத்தில் நின்று சுற்றிப் பார்ப்பவர்க்கு, நமது துலாவைப் போலத் தலை தாழ்த்தித் தலை நிமிர்த்தி இரவு பகலாக எண்ணெய் இறைக்கும் இரும்புப் பொறிகளே கண்ணுக்கெட்டிய தூரம் தெரியும். எண்ணெயின் விலையும் அத்துலாவைப் போன்றதே. ஏறும், இறங்கும். நாம் கேட்கும் கேள்வி ஒன்றே: விலை ஏறும்போது ஆதாயத்தைப் பங்கிடுவோர் பலர், விலை இறங்கும்போது அந்த வீழ்ச்சியைச் சுமப்பவர் யார்?

பாட்டனார் காலம்

1923 ஆம் ஆண்டு மே மாதம் 28 ஆம் நாள், சாந்தா ரீட்டா என்று பெயரிடப்பட்ட கிணற்றிலிருந்து எண்ணெய் பீறிட்டது. இயலாதவற்றை இயலச் செய்பவர் என்று கத்தோலிக்கர் போற்றும் புனிதையின் பெயர் அது. அக்கிணற்றைத் துளைக்க 646 நாட்கள் சென்றன என்றால், அப்பெயர் பொருத்தமானதே. பருத்தித் தோட்டத்திலும் மாட்டுப் பண்ணையிலும் கூலி பெற்றோர் எண்ணெய் வயலை நாடி ஓடினர். கூடாரங்களிலும் பலகைக் குடிசைகளிலும் குடியிருந்தனர். கொம்பனியே ஊரை அமைத்தது. கொம்பனியே வீட்டைக் கொடுத்தது. கிணறு வற்றியபின் அத்தகைய ஊர்கள் சில ஆளரவமற்றுப் போயின.

முதல் வீழ்ச்சி விரைவிலேயே வந்தது. 1930 ஆம் ஆண்டு ஒக்டோபரில் ரெக்சாசின் கிழக்கே மாபெரும் எண்ணெய் வயல் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அவனவன் தன் காணிக்குள் கிணறு துளைத்து, அயலவன் எடுப்பதற்கு முன் தான் எடுத்துவிட முண்டியடித்தான். பீப்பாய் ஒன்று ஏறத்தாழ ஒரு டொலருக்கு விற்ற எண்ணெய், 1931 இல் பத்துச் சதம் அளவுக்குச் சரிந்தது. மிகுதியான விளைச்சலே வறுமைக்குக் காரணமாகும் விந்தையைக் கமக்காரருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. அவ்வாண்டு ஓகஸ்டில் மாநில ஆளுநர் ரொஸ் ஸ்ரேர்லிங் தேசியக் காவற்படையை அனுப்பிக் கிணறுகளை மூடுவித்தார்.

அதன்பின் நிகழ்ந்ததுதான் நம் கருத்துக்குரியது. புகையிரதங்களைக் கண்காணிக்க ஏற்பட்ட ஆணைக்குழு ஒன்று, மாநிலத்தின் எண்ணெய்க் கிணறுகள் எவ்வளவு எடுக்கலாம் என்று மாதந்தோறும் கட்டளையிடத் தொடங்கியது. 1960 களின் தொடக்கத்தில், மாதத்தில் எட்டு நாட்கள் மட்டுமே பல கிணறுகள் முழு அளவில் எடுக்கலாம் என்னும் அளவுக்கு அக்கட்டுப்பாடு இறுகியிருந்தது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பீப்பாய் விலை மூன்று டொலரை ஒட்டியே நின்றது. தொழிலாளி வீடு கட்டினான். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினான். அடுத்த ஆண்டும் வேலை இருக்கும் என்று நம்பினான். தடையற்ற சந்தையின் தாயகம் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் நாட்டில், எண்ணெய்த் தொழிலாளிக்கு நிலையான வாழ்வைத் தந்தது சந்தையன்று, சட்டம். இவ்வாணைக்குழுவின் முறையை ஆராய்ந்த வெனிசுவேலா அமைச்சர் பெரெஸ் அல்பொன்சோ, 1960 இல் எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் அமைப்பு உருவாக முன்னின்றவர்களுள் ஒருவர் என்பதையும் நினைவிற் கொள்க.

தந்தையார் காலம்

1972 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அவ்வாணைக்குழு கட்டுப்பாட்டை முற்றாகத் தளர்த்தியது. தேவை பெருகிவிட்டது; ஒதுக்கி வைக்க எண்ணெய் இல்லை. மறு ஆண்டு ஒக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை மறுத்தன. மூன்று டொலர் விலை சில மாதங்களில் பன்னிரண்டு டொலரை எட்டியது. 1979 இல் ஈரானியப் புரட்சி. விலை முப்பதைத் தாண்டியது.

இப்பொழுது தந்தையார் தலைமுறை வயலுக்குள் இறங்கியது. அவ்வேலை எத்தகையது என்பதைச் சொல்லுதல் வேண்டும். துளைபொறியின் மேடையில் நிற்பவனை அங்கே ரஃப்நெக் என்று அழைப்பர். முப்பது அடி நீளமான இரும்புக் குழாய்களை ஒன்றோடொன்று முறுக்கிப் பொருத்தி நிலத்துள் இறக்குவதும், துளைமுனை தேய்ந்தபோது அத்தனையையும் மேலே இழுத்துக் கழற்றுவதும், மீண்டும் இறக்குவதும் அவன் வேலை. ஒருவன் கோபுரத்தின் உச்சிக்கு அருகே, தொண்ணூறு அடி உயரத்தில் நின்று குழாயின் தலையைப் பிடிக்க வேண்டும். கோடையிலே தீயென வெயில், மாரியிலே பனிக்காற்று. பன்னிரண்டு மணி நேரம் நின்று உழைக்க வேண்டும். விரலிழந்த கைகள் அவ்வூர்களில் அரிதல்ல.

ஆனால் சம்பளம் பெரிது. படித்த ஆசிரியர் பெறுவதைப் படிப்பை இடையில் விட்ட இளைஞன் பெற்றான். பள்ளிக்கூடம் பையன்களை இழந்தது. புதிய லொறி கடனுக்கு வந்தது. புதிய வீடு ஈட்டுக்கு வந்தது. வங்கிகள் கையேந்துமுன்னே கடன் கொடுத்தன. 1981 ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கா முழுவதிலும் 4,530 துளைபொறிகள் இயங்கின. விலை இனி ஏறும், ஏறும், ஏறிக்கொண்டே போகும் என்று பொருளியல் அறிந்தோரும் எழுதினர்.

விலை ஏறியதனாலேயே இறங்கும் காலமும் நெருங்கியது. எண்ணெயை வாங்குவோர் சிக்கனம் கற்றனர். வட கடலிலும் அலாஸ்காவிலும் மெக்சிக்கோவிலும் புதிய எண்ணெய் பெருகியது. 1983 ஆம் ஆண்டு ஒக்டோபரில் மிட்லண்ட் நகரின் பெருமையாக விளங்கிய முதலாவது தேசிய வங்கி முறிந்தது. 1985 இன் இறுதியில் சவூதி அரேபியா தன் உற்பத்தியைக் குறைத்து விலையைத் தாங்கும் வேலையைக் கைவிட்டது. 1986 இன் நடுவில் விலை பத்து டொலரை ஒட்டி விழுந்தது. அவ்வாண்டு யூலையில் இயங்கிய துளைபொறிகள் 663 மட்டுமே. ஐந்தாண்டுக்குள் ஏழு பொறிகளில் ஆறு நின்றுபோயின என்றால், எத்தனை குடும்பங்களின் அடுப்பு அணைந்திருக்கும்!

ஈண்டு ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். ஒடெசா நகரத் தொழிலாளியின் சம்பளம் எண்ணெய் விலையில் தங்கியிருந்தது. அவன் வீட்டின் பெறுமதியும் அதே விலையில் தங்கியிருந்தது. அவன் பணம் வைத்த வங்கியும், அவன் பிள்ளை படித்த பள்ளிக்கூடத்தின் வரிவருமானமும், அவன் மனைவி வேலைசெய்த கடையும் அதே விலையில்தான் தங்கியிருந்தன. ஒரு கயிற்றில் அனைத்தும் தொங்கின. கயிறு அறுந்தபோது அனைத்தும் ஒருங்கே விழுந்தன. இருபது மைல் அப்பால் மிட்லண்டில் மேசைக்கு முன் இருந்த புவியியலாளரும் கணக்கரும் தப்பவில்லை. படித்தவன் வேறு, பாடுபடுபவன் வேறு என்று எண்ணுவோர் இதனை உணர்வாராக.

“ஆண்டவனே, இன்னுமொரு ஏற்றத்தைத் தா, இம்முறை வீணாக்க மாட்டோம்” என்னும் பொருள்பட அந்நாட்களில் மோட்டார் வண்டிகளின் பின்னே ஒட்டிக்கொண்டு திரிந்தார்கள். அது வேடிக்கை வாசகந்தான். ஆயினும் பிழை முழுவதையும் தம்மீதே ஏற்றிக்கொண்ட ஏழைகளின் வாசகமாகவும் அது இருந்தது.

அறிவின் தொடர் அறுந்தது

வீழ்ச்சி பணத்தை மட்டும் கொண்டுபோகவில்லை. “எந்த வேலைக்காயினும் போ, இந்த வேலைக்கு வராதே” என்று தந்தையர் மைந்தருக்குச் சொன்னார்கள். பல்கலைக்கழகங்களில் எண்ணெய்ப் பொறியியல் வகுப்புகள் வெறிச்சோடின. 1998 இலும் 1999 இன் தொடக்கத்திலும் விலை மீண்டும் பத்துப் பன்னிரண்டு டொலருக்கு இறங்கியது. எஞ்சியவர்களும் வீடு திரும்பினர். இதன் பயன் பின்னர் தெரிந்தது. மறுபடி ஏற்றம் வந்தபோது, வயலில் நரைத்த தலைகளும் இருந்தன, மீசை அரும்பாத முகங்களும் இருந்தன. இடையில் நின்று கற்றுக்கொடுக்க வேண்டிய தலைமுறை இல்லை. குழாய் எழுப்பும் ஓசையைக் கேட்டே ஆபத்தை அறியும் கல்வி நூலில் இல்லை. பக்கத்தில் நிற்கும் மூத்தவனிடம் இருக்கின்றது.

2003 முதல் 2010 வரையான காலத்தில், அமெரிக்காவில் எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் தொழிலில் இறப்பு வீதம், எல்லாத் தொழிலாளர்க்கும் உரிய பொது வீதத்தின் ஏழு மடங்காக இருந்தது. அவ்விறப்புகளுக்கு முதற் காரணம் தீயுமன்று, வெடிப்புமன்று, வீதி விபத்து. பன்னிரண்டு மணி நேரம் உழைத்துக் களைத்தவன் நெடுந்தூரம் வண்டியோட்டிப் படுக்கைக்குப் போகும் வழியில் மாண்டான்.

பேரர் காலம்

2008 யூலையில் விலை 147 டொலரைத் தொட்டது. அவ்வாண்டு முடியுமுன் நாற்பதுக்குக் கீழே விழுந்தது. பின்னர் புதிய நுட்பம் ஒன்று பரவியது. நிலத்துள் செங்குத்தாக இறங்கிய துளையைக் கிடையாகத் திருப்பி, நீரையும் மணலையும் பேரழுத்தத்துடன் செலுத்திப் பாறையை வெடிக்கச் செய்து எண்ணெய் எடுக்கும் முறை அது. வற்றிவிட்டது என்று கருதப்பட்ட பேர்மியன் படுகை மீண்டும் உயிர்பெற்றது. பேரர்கள் வந்தார்கள். பதினான்கு நாள் வேலை, பதினான்கு நாள் ஓய்வு. பலர் படுப்பது வரிசை வரிசையாக அடுக்கிய தகரப் பெட்டி அறைகளில். வீட்டு வாடகை ஏறியதால், எண்ணெயோடு தொடர்பில்லாத ஆசிரியரும் தாதியரும் அந்நகரங்களில் குடியிருக்க முடியாது தவித்தார்கள். ஏற்றத்திலும் துன்பம் உண்டு என்பதற்கு இது சான்று.

2014 இன் நடுவில் நூறு டொலருக்கு மேல் நின்ற விலை, 2016 இன் தொடக்கத்தில் முப்பதுக்குக் கீழே சென்றது. 2020 ஆம் ஆண்டு ஏப்பிரல் 20 ஆம் நாள் உலகம் முன்பு காணாத ஒன்று நிகழ்ந்தது. பெருந்தொற்றால் உலகமே வீட்டுக்குள் அடங்கியிருந்தது. எண்ணெயைச் சேர்த்து வைக்கத் தொட்டிகளில் இடமில்லை. மே மாதத்து எண்ணெயை ஏற்க ஒப்பந்தம் செய்தவர்கள், அதனை யாராயினும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பணமும் கொடுக்க முன்வந்தனர். அன்று அமெரிக்க எண்ணெயின் ஒப்பந்த விலை பூச்சியத்துக்குக் கீழே 37 டொலர் 63 சதம்! அவ்வாண்டு ஓகஸ்டில் நாடு முழுவதிலும் 244 துளைபொறிகளே இயங்கின.

விலை பின்னர் மீண்டது. வேலை மீண்டதா? 1981 இன் இறுதியில் நாலாயிரத்து ஐந்நூறு துளைபொறிகள் இயங்கிய காலத்தில், அமெரிக்கா நாளொன்றுக்கு எடுத்த எண்ணெய் தொண்ணூறு இலட்சம் பீப்பாயை எட்டவில்லை. 2024 இல் ஒரு கோடி முப்பது இலட்சம் பீப்பாய்க்கு மேல் எடுத்தது. அவ்வாண்டின் முடிவில் இயங்கிய துளைபொறிகளோ அறுநூறுக்கும் குறைவு. ஒவ்வொரு வீழ்ச்சியிலும் ஆட்கள் நீக்கப்பட்டனர்; ஒவ்வொரு மீட்சியிலும் அவர்களின் இடத்தில் ஒரு பகுதியை இயந்திரம் பிடித்தது. பாட்டனுக்குத் திரும்பி வந்த வேலை பேரனுக்குத் திரும்பி வராமற் போகலாம்.

நிலத்துக்கு நேர்ந்ததையும் சொல்வோம். இலாபம் தீர்ந்தபின் உரிமையாளர் முறிந்தோ மறைந்தோ போனமையால், ஆயிரக்கணக்கான கிணறுகள் முறையாக அடைக்கப்படாது ரெக்சாசில் கைவிடப்பட்டுள்ளன. சிலவற்றிலிருந்து உப்புநீர் மேலெழுந்து மேய்ச்சல் நிலத்தைக் கெடுக்கின்றது. கிணற்று நீரை நம்பி வாழும் நமக்கு அதன் கொடுமை எளிதில் விளங்கும்.

சேர்த்து வைத்தவர் யார்?

அப்படியாயின் ஏற்றத்தின் செல்வம் எங்கும் நிலைக்கவில்லையா? நிலைத்தது, சட்டம் காத்த இடத்தில் நிலைத்தது. சாந்தா ரீட்டாக் கிணறு துளைக்கப்பட்ட காணி, ரெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு உரியது. 1923 இல் அது பெற்ற முதல் உரிமைப்பணம் ஐந்நூற்றுச் சொச்சம் டொலர்தான். அப்பணம் போகவேண்டிய நிதியை 1876 ஆம் ஆண்டு அரசியலமைப்பே வகுத்திருந்தது. முதலைக் காத்து வருவாயைச் செலவிடுவதே அதன் அடிப்படை. இன்று அந்நிதி மூவாயிரம் கோடி டொலருக்கு மேற்பட்டது. ஒரே மண், ஒரே எண்ணெய். கல்விக்கூடம் செல்வம் பெற்றது; குழாய் பிடித்தவன் லொறியையும் இழந்தான். அவனுக்கு எச்சட்டமும் எந்நிதியையும் வகுக்கவில்லை.

நோர்வே நாட்டை நோக்குவோம். 1969 இன் இறுதியில் அந்நாட்டின் கடலில் பெரும் எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது. 1990 இல் நிதிச் சட்டம் இயற்றப்பட்டது. 1996 இல் முதற் பணம் வைக்கப்பட்டது. நிதியின் எதிர்பார்க்கும் வருவாய்க்கு ஏற்பவே அரசு ஆண்டுதோறும் செலவிடலாம் என்பது விதி. ஐம்பத்தைந்து இலட்சம் அளவிலான மக்களுக்கு இன்று ஒன்றரை இலட்சம் கோடி டொலருக்கு மேற்பட்ட சேமிப்பு இருக்கின்றது. அங்கேயும் துன்பம் இல்லாமலில்லை. 1980 இல் கடலில் தொழிலாளர் தங்கிய மேடை ஒன்று கவிழ்ந்து 123 பேர் மாண்டனர். 2014 இன் பின் அங்கேயும் பல்லாயிரவர் வேலை இழந்தனர். ஆயினும் வேலையிழந்தவனோடு பள்ளியும் மருத்துவமனையும் சேர்ந்து விழவில்லை.

கனடாவின் அல்பேர்ட்டா மாகாணம் 1976 இலேயே, நோர்வேக்கு முந்தியே, சேமநிதி தொடங்கியது. ஆனால் விலை வீழ்ந்தபின் 1987 இல் வழக்கமான வைப்பு நின்றது. நல்ல தொடக்கம் மட்டும் போதாது. நெருக்கடியிலும் கை வைக்க முடியாத கட்டு வேண்டும் என்பதே இதன் பாடம்.

சிக்கனம் மட்டும் போதுமா?

“தொழிலாளி குடித்தும் களித்தும் அழித்தான், சிக்கனமாக இருந்திருக்கலாமே” என்று சிலர் சொல்வர். சிக்கனம் நற்குணமே, நாமும் அதனைப் போற்றுகின்றோம். ஆனால் தொழிலின் அமைப்பைப் பாருங்கள். கிணறு ஒரு கொம்பனிக்குச் சொந்தம். துளைபொறி வேறொரு ஒப்பந்தக்காரனுக்குச் சொந்தம். குழாயும் மணலும் கொண்டுவருபவன் மூன்றாமவன். விலை விழுந்தால் முதற் கொம்பனி ஒப்பந்தத்தை நிறுத்திவிடும். அடுத்த கிழமையே கடைசிப் படியில் நிற்பவன் வீட்டுக்கு அனுப்பப்படுவான். வீழ்ச்சியைக் கீழ்நோக்கித் தள்ளுவதற்கென்றே கட்டப்பட்ட ஏணி இது. அதன் அடியில் நிற்பவனிடம் சிக்கனத்தை மட்டும் போதிப்பது, வெள்ளத்தில் நிற்பவனுக்குக் குடை கொடுப்பதை ஒக்கும்.

நம் கடமை

நமது கமக்காரர் இப்பாடத்தை ஒருமுறை கற்றவர்கள். 1970 க்கும் 1977 க்கும் இடையில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, யாழ்ப்பாணத்து மிளகாயும் வெங்காயமும் நல்ல விலை பெற்றன. 1977 இன் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டது, விலை சரிந்தது. ஏற்றமும் இறக்கமும் தோட்டத்தில் தீர்மானிக்கப்படவில்லை, கொழும்பில் தீர்மானிக்கப்பட்டன.

எண்ணெயும் நமக்கு முற்றிலும் அயலானதன்று. 2011 இல் மன்னார்க் கடற்படுகையில், டொராடோ, பராக்குடா என்று பெயரிடப்பட்ட இரு துளைகளில் எரிவாயு கண்டறியப்பட்டது. உலக விலை வீழ்ந்தபின், துளைத்த நிறுவனம் 2015 இல் விலகியது. ஒரு கனமீற்றர் வாயு கரைக்கு வருமுன்னரே, ஏற்றமும் இறக்கமும் மன்னாரை ஒருமுறை தொட்டுவிட்டன. நாளை வேறொருவர் வரலாம். விலை ஏறினால் நிச்சயம் வருவர். அன்று அக்கரையோரத்து இளைஞருக்குப் பெரிய சம்பளம் காட்டப்படும்.

அந்நாள் வருமுன் மூன்றைச் சட்டமாகக் கேட்போம். முதலாவது, மண்ணிலும் கடலிலுமிருந்து எடுத்து விற்கப்படும் முதல், ஆண்டு வரவுசெலவில் கரையாது தனி நிதியாகச் சேர்க்கப்படல் வேண்டும். அதில் அக்கரையோர மக்களுக்கு உரிய பங்கு எழுதப்படல் வேண்டும். இரண்டாவது, ஒப்பந்தக்காரனின் கீழ் நிற்கும் கடைசித் தொழிலாளிக்கும் வேலையிழப்புக்கும் விபத்துக்கும் காப்பீடு வேண்டும். அதற்கான பணம் ஏற்றக் காலத்தில் கொம்பனியிடமிருந்து பெறப்படல் வேண்டும். மூன்றாவது, துளையை அடைக்கவும் மீனவர்க்கு நேரும் இழப்பை ஈடுசெய்யவும் வேண்டிய பணத்தை, முதல் துளை இடுவதற்கு முன்னரே வைப்பிடல் வேண்டும்.

விலை விழுந்தபின் இவற்றைக் கேட்பதிற் பயனில்லை. அப்போது கொடுக்க எவரிடமும் பணம் இராது. விலை ஏறியபின் கேட்பதும் அரிது. அப்போது கேட்க எவருக்கும் பொறுமை இராது. கேட்க வேண்டிய காலம் இதுவே. சட்டம் படித்தவர் வாசகத்தை எழுதுக. கணக்கறிந்தவர் கணக்கை வகுக்க. கமக்காரரும் மீனவரும் தம் சங்கங்களில் அதனைப் பேசித் தீர்மானம் நிறைவேற்றுக. பேர்மியன் சமவெளியில் மூன்று தலைமுறை உழைத்த மக்கள் கொடுத்த விலையை நம் பிள்ளைகளும் கொடுக்கவேண்டியதில்லை.